சிரிப்புக்கு வந்த இரவல் வைத்தியங்கள்

ஈறு தெரியும் சிரிப்புக்கு இன்றைக்கு ஐந்து வைத்தியங்கள் இருக்கின்றன. ஈறை வெட்டித் திருத்தலாம். பல்லுக்குக் கம்பி போட்டு மேலே ஏற்றலாம். உதட்டை உள்பக்கமாகத் தைத்துச் சற்றுக் கீழே நிறுத்தலாம். உதட்டைத் தூக்கும் தசையில் ஊசி போட்டு அதைச் சில மாதங்களுக்குச் சோம்பேறியாக்கலாம். எதற்கும் அடங்காதென்றால் மேல்தாடை எலும்பையே அறுத்து உயர்த்தி வைக்கலாம். இந்த ஐந்தில் ஒன்றே ஒன்றுதான் சிரிப்புக்கென்று பிறந்தது. மற்ற நாலும் வேறு எந்தெந்தக் கோளாறுக்கோ பிறந்து, வழி மாறி இங்கே வந்து சேர்ந்தவை. அவற்றில் ஒன்றின் பூர்வீகம் கெட்டுப்போன இறைச்சி என்றால் ஊசி போட்டுக்கொள்ளக் காத்திருக்கும் கல்யாணப் பெண் நம்பமாட்டாள்.

திருவனந்தபுரத்தில் பட்டம், கேசவதாசபுரம், உள்ளூர் வழியாக மெடிக்கல் காலேஜுக்குப் போகிறவர்கள் பல் ஆஸ்பத்திரிப் பலகைகளைப் பார்க்காமல் போக முடியாது. 'ஸ்மைல் டிசைனிங்' என்ற சொல் இல்லாத பலகை இப்போது குறைவு. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சாலை சொந்த ஊர்ச் சாலை மாதிரி. 1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரிந்து நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம். பெரிய நோவு என்றால் இன்றும் கால் திருவனந்தபுரத்துக்குத்தான் திரும்புகிறது. மெடிக்கல் காலேஜ் வந்தது 1951இல். அந்த வளாகத்தில் கேரளத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1959இல் வந்தது. கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுதீன் அகமது நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் தொடங்கியிருந்தார். சென்னையில் 1953இல் தொடங்கிவிட்டார்கள். ஆகவே திருவனந்தபுரம் ஒன்றும் பெரிதாகப் பிந்திவிடவில்லை. ஆனால் அந்த நாளில் பல் டாக்டரிடம் போகிற காரணங்கள் சொற்பம். சொத்தைப் பல்லைப் பிடுங்க, பொக்கை வாய்க்குப் பல் செட் கட்ட, விபத்தில் உடைந்த தாடையைக் கம்பி போட்டு இறுக்க, வெற்றிலையும் புகையிலையும் வாயில் வைத்த புண்ணைக் காட்ட. சிரித்தால் ஈறு தெரிகிறது என்று ஒருவர் டோக்கன் எடுத்திருந்தால் வேலை மெனக்கெட்டவர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதே ஊரில் மியூசியம் வளாகத்தில் ராஜா ரவிவர்மாவின் ஓவியங்கள் இருக்கின்றன. கிளிமானூரில் பிறந்தவர், பெண் முகத்தை வரைவதில் இந்தியா முழுவதும் பேர் வாங்கியவர். அவருடைய தமயந்தியானாலும் தாய்மார்களானாலும் பெரும்பாலும் வாய் மூடியவர்கள். அழகு என்றால் கண்ணும் புருவமும் உதட்டின் வளைவும்தான். பல்லுக்கு அதில் இடமில்லை, ஈறுக்குக் கேட்கவே வேண்டாம். பிறகு போட்டோ ஸ்டுடியோ வந்தது. எங்கள் தாத்தா பாட்டி கல்யாணப் படங்களில் சிரிக்கிறவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பல்லைக் காட்டுவது மரியாதைக் குறைவு என்பது ஒரு காரணம். அசையாமல் நின்றால்தான் படம் விழும் என்பது இன்னொன்று. ஆக, ஈறு தெரியும் சிரிப்பு அன்றும் உண்டு. அதைச் சட்டம் போட்டு மாட்டி நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் வசதிதான் இல்லை. போன் கேமரா அந்த வசதியைக் கொண்டுவந்தது. டெக்னோபார்க்கில் வேலை செய்கிற பிள்ளைகள் வீடியோ மீட்டிங்கில் மற்றவர்கள் முகத்தோடு தங்கள் முகத்தையும் மணிக்கணக்காகப் பார்க்கிறார்கள். அதற்கு முன் எந்தத் தலைமுறையும் தான் பேசிச் சிரிப்பதை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நோய் பிறந்தது வாயில் அல்ல, திரையில் என்பது என் கட்சி.

இதற்கு அளவுகளும் இருக்கின்றன. 1984இல் ட்ஜான், மில்லர் என்ற பல் மருத்துவர்களும் இன்னொருவரும் சேர்ந்து 454 பேரின் முழுச் சிரிப்பைப் படம் எடுத்துப் பிரித்தார்கள். எல்லாரும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டவர்கள். கிட்டத்தட்ட நூற்றுக்கு 69 பேருக்கு மேல்பற்கள் ஏறக்குறைய முழுசாகத் தெரிந்தன. 20 பேருக்குப் பல்லே முழுதாகத் தெரியவில்லை. பத்தரைப் பேருக்குப் பல்லைத் தாண்டி ஈறும் பட்டையாகத் தெரிந்தது. அதாவது பத்தில் ஒருவர். ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசையைச் சிரிக்க வைத்தால் அதில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். இதை நோய்ப் பட்டியலில் சேர்ப்பதா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

அதைவிட ருசிகரமான ஆராய்ச்சி 1999இல் அமெரிக்காவில் வின்சென்ட் கோகிச் குழுவினர் செய்தது. சிரிக்கும் வாயின் படத்தைக் கணினியில் திருத்தி, ஈறு தெரியும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்று கூட்டத்திடம் காட்டினார்கள். பொதுமக்களும் சாதாரணப் பல் டாக்டர்களும் 4 மி.மீ. ஈறு தெரிகிறவரை முகம் சுளிக்கவில்லை. பல்லுக்குக் கம்பி போடும் சிறப்பு டாக்டர்களோ 2 மி.மீ.யிலேயே குறை கண்டுவிட்டார்கள். எதிரில் நிற்பவர் கண்ணில் படாத குறை வைத்தியர் கண்ணில் பட்டுவிடுகிறது. எத்தனையோ பேருக்கு ஈறு பற்றிய கவலை, சொத்தைப் பல் அடைக்கப் போன இடத்தில்தான் பற்றிக்கொள்கிறது.

இனி வைத்தியங்களின் பிறப்புக்கு வருவோம். வயதில் மூத்தது ஈறு வெட்டுதல். சுசுருத சம்ஹிதையிலேயே பல் ஈறு நோய்களுக்குத் தனி இடம் உண்டு; அளவுக்கு மீறி வளர்ந்த சதையை வெட்டியெடுப்பதும் அதில் வருகிறது. நவீன மருத்துவத்தில் ஈறை வரிசையாக வெட்டியெடுக்கும் முறையை 1884இல் எழுதி வைத்தவர் வியன்னாவின் ரொபிசெக். அவருக்குச் சிரிப்பைப் பற்றிக் கவலை இல்லை. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை பையாகச் சீழ் கட்டிப் பல் ஆடுகிற நோய்க்கு, அந்தப் பையையே இல்லாமல் ஆக்கினால் என்ன என்பது அவருடைய யோசனை. அழகுக்காக ஈறை வெட்டலாம் என்ற எண்ணம் வர இன்னொரு கண்டுபிடிப்பு தேவைப்பட்டது. 1933இல் காட்லீப், ஆர்பன் என்ற இருவர், பல் முளைத்து நின்றதோடு கதை முடிவதில்லை, அதற்குப் பிறகு ஈறும் மெல்ல மேலே ஒதுங்கிப் பல்லை வெளியே விடுகிறது என்று எழுதினார்கள். சிலருக்கு இந்த ஒதுங்கல் பாதியில் நின்றுவிடுகிறது. பல் சரியான நீளம்தான். கால்வாசியை ஈறு போர்த்திக்கொண்டிருக்கிறது. முன்பல் பொதுவாகப் பத்தரை, பதினொரு மி.மீ. நீளம். அது எட்டு மி.மீ.தான் தெரிந்தால் நீளவாக்கில் இல்லாமல் சதுரமாகத் தெரியும், பால்பல் மாதிரி. இப்படிப்பட்டவர்களுக்கு ஈறு வெட்டுதல் உண்மையிலேயே நல்ல வைத்தியம். இப்போது கத்திக்குப் பதில் லேசர். ரத்தம் குறைவு, தையல் பெரும்பாலும் இல்லை.

ஆனால் எவ்வளவு வெட்டலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. 1961இல் கார்கியூலோ என்பவரும் கூட்டாளிகளும் இறந்தவர்களின் தாடைகளை அளந்து, ஈறு பல்லோடு ஒட்டியிருக்கும் பட்டை சராசரியாக 2.04 மி.மீ. என்று சொன்னார்கள். ஈறின் ஓரத்துக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடத்தை உடம்பு எப்படியும் கேட்டு வாங்கிக்கொள்ளும். எலும்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஈறை மட்டும் வெட்டினால் அது ஒன்று திரும்ப வளரும், இல்லையென்றால் எந்நேரமும் சிவந்து கசிந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட வாயில் எலும்பையும் கொஞ்சம் இழைத்துவிட வேண்டியிருக்கும். அது அரை மணி நேர லேசர் வேலை அல்ல.

ஈறு விஷயத்தில் திருவனந்தபுரத்துக்கு ஒரு தனிச் சம்பந்தம் உண்டு. மெடிக்கல் காலேஜுக்குப் பக்கத்திலேயே ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனம். வலிப்பு நோய் வைத்தியத்துக்கு அங்கே நம் தென் மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். வலிப்புக்கு நெடுங்காலமாக உலகமெங்கும் கொடுத்துவரும் ஃபெனிடாயின் மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். 1939லேயே இதை எழுதிவிட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கு வீட்டுக்கு வீடு சாப்பிடும் அம்லோடிபின், சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின், இவையும் அப்படியே. இந்த வாய்க்கு 'ஸ்மைல் டிசைனிங்' தேவையில்லை. மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினால் பாதி வழி தெரிந்துவிடும். மாத்திரையைத் தானாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

அடுத்தது, எல்லாவற்றிலும் பெரிது: தாடை ஆபரேஷன். லில் நகரத்து டாக்டர் ரெனே லெ ஃபோர் 1901இல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். முகத்தில் அடி விழுந்தால் எலும்பு எங்கே உடைகிறது என்பது அவருடைய கேள்வி. முப்பத்தைந்து பிணத் தலைகளை எடுத்துக்கொண்டார். சிலவற்றை மரக்கட்டையால் அடித்தார், சிலவற்றை மேசை விளிம்பில் மோதினார். பிறகு சதையை நீக்கிப் பார்த்தபோது, அடி எப்படி விழுந்தாலும் முக எலும்பு மூன்று கோடுகளில் ஒன்றில்தான் பிளக்கிறது என்று தெரிந்தது. முதல் கோடு மேல்பற்களின் வேருக்குச் சற்று மேலே, மூக்கின் அடியில் குறுக்காக ஓடுகிறது. விபத்து வார்டுகளில் இன்றும் அது லெ ஃபோர் ஒன்று.

உடையும் கோடு என்றால் வெட்டவும் அதுவே வசதியான கோடு. லெ ஃபோருக்கு முன்பே ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் மூக்குக்குப் பின்னால் வளர்ந்த கட்டியை எடுக்க மேல்தாடையைக் கழற்றி இறக்கிப் பார்த்திருந்தார்கள். 1927இல் பெர்லினின் வாஸ்மண்ட், வாய் மூடினாலும் முன்பற்கள் சேராத ஒருவருக்கு அந்தக் கோட்டில் அறுத்தார். முழுதாகக் கழற்றத் துணியாமல் பிறகு இழுத்துச் சரிசெய்தார். எல்லாருக்கும் ஒரே பயம்தான்: எலும்பை முழுக்கப் பிரித்தால் ரத்த ஓட்டம் நின்று பல்லும் எலும்பும் செத்துவிடாதா? ஜூரிச்சின் ஓப்வெகேஸர் அறுபதுகளில் துணிந்து முழுதாகக் கழற்றி வேண்டிய இடத்தில் பொருத்தினார். அது ஏன் சாகவில்லை என்பதைக் குரங்குகளிடம் சோதித்து விளக்கியவர் டெக்ஸாஸைச் சேர்ந்த வில்லியம் பெல். அண்ணத்துச் சதையும் கன்னத்துச் சதையும் எலும்போடு ஒட்டியிருக்கிறவரை அவற்றின் வழியாக ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். எழுபதுகளில் இது தெளிவான பிறகு தாடை ஆபரேஷன் உலகமெங்கும் பரவியது.

மேல்தாடை தேவைக்கு மேல் கீழ்நோக்கி வளர்ந்தவர்களுக்குச் சிரித்தால் ஈறு தெரியும், சும்மா இருக்கும்போதும் உதடு சேராது, முகம் நீண்டிருக்கும். இவர்களுக்குத்தான் இந்த ஆபரேஷன். முழு மயக்கம் கொடுத்து, மேலுதட்டின் உள்பக்கம் கீறி, எலும்பை அறுத்து இறக்கி, தேவையான மி.மீ. பட்டையை எடுத்துவிட்டு, தாடையை மேலே ஏற்றி டைட்டானியம் தகடும் திருகும் போட்டு நிறுத்துகிறார்கள். வெளியே தழும்பு இல்லை. வாரக்கணக்கில் கஞ்சியும் குழைந்த சோறும். முன்னும் பின்னும் பல்லுக்குக் கம்பி. எட்டு மி.மீ.க்கு மேல் ஈறு தெரிகிறவர்களுக்கு வேறு எதுவும் நின்று பலன் தராது என்பதால் இதைச் சொல்கிறார்கள். மூன்று மி.மீ. தெரிகிறவருக்கு இதைச் சொல்கிற டாக்டரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஊசியின் கதை இதைவிட நீளம். 1820 வாக்கில் ஜெர்மனியின் வியூர்டெம்பெர்க் பகுதியில் புகையூட்டிய தொத்திறைச்சி சாப்பிட்டவர்கள் இமை தொங்கி, விழுங்க முடியாமல், மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தார்கள். யூஸ்டினுஸ் கெர்னர் என்ற வட்டார மருத்துவர், கவிஞரும்கூட, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தை எழுதி வைத்தார். கெட்ட இறைச்சியிலிருந்து எடுத்த சாற்றைத் தன் நாக்கிலேயே விட்டுப் பார்த்தார். கொல்லுகிற இந்த நஞ்சைச் சொட்டளவில் கொடுத்தால், அடங்காமல் துடிக்கிற நரம்பு நோய்களுக்கு மருந்தாகலாம் என்றும் எழுதினார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்ஸெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்கப் போன பாண்டு வாத்தியக்காரர்கள் பன்றித் தொடை இறைச்சி சாப்பிட்டு விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். வான் எர்மெங்கம் என்ற பேராசிரியர் அந்த இறைச்சியிலிருந்தும் இறந்தவர் உடலிலிருந்தும் கிருமியைப் பிரித்தெடுத்தார்.

பிறகு அந்த நஞ்சைத் தேடியவர்கள் ராணுவத்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் டெட்ரிக் முகாமில் ஆயுதமாக்கப் பார்த்தார்கள். தூய படிகமாகப் பிரித்தெடுக்கிற வித்தை அங்கேதான் கைவந்தது. அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய எட்வர்ட் ஷான்ட்ஸிடமிருந்து நஞ்சை வாங்கியவர் ஆலன் ஸ்காட், சான்ஃபிரான்சிஸ்கோவின் கண் டாக்டர். மாறுகண் உள்ளவர்களுக்குக் கத்தி வைக்காமல், இழுக்கிற தசையை மட்டும் தளர்த்த முடியுமா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். குரங்குகளில் சோதித்து 1973இல் எழுதினார், மனிதர்களுக்குப் போட்ட முடிவுகளை 1980இல் வெளியிட்டார். 1989 டிசம்பரில் அமெரிக்க அரசு மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதி கொடுத்தது. மருந்தைத் தயாரித்த கம்பெனி கைமாறிய பிறகு வந்த பெயர்தான் போடாக்ஸ்.

வான்கூவரில் ஜீன் கார்ருத்தர்ஸ் என்ற கண் டாக்டரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்மணி, நெற்றிப் பக்கம் ஏன் போடவில்லை, அங்கே போட்டால்தானே முகம் கவலையில்லாமல் தெரிகிறது என்று குறைப்பட்டார். 1987இல் நடந்தது. ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் டாக்டர். இரவு வீட்டில் இதைப் பேசினார்கள் என்பதிலிருந்து இன்றைய அழகு வைத்திய வியாபாரத்தின் பெரும்பகுதி தொடங்குகிறது. புருவ நடுச் சுருக்கத்துக்கு அமெரிக்க அனுமதி 2002இல் வந்தது.

உதட்டுக்கு அது வந்தது போர்ட்டோ ரீகோவில். மரியோ போலோ என்ற கம்பி போடும் பல் டாக்டர், உதட்டை அளவுக்கு மீறித் தூக்கும் தசைகளில் இதைப் போட்டுப் பார்த்து 2005இல் முதல் குறிப்பை எழுதினார். 2008இல் முப்பது பேரின் கணக்கை வெளியிட்டார். ஊசிக்கு முன் சராசரியாக 5.2 மி.மீ. ஈறு தெரிந்தது; இரண்டு வாரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. ஊசி எங்கே போட வேண்டும் என்ற குழப்பத்தை 2009இல் சியோலின் யோன்செய் பல்கலைக்கழகத்தார் தீர்த்தார்கள். மூக்கின் ஓரத்தில் மூன்று தசைகள் சந்திக்கும் முக்கோணத்தின் நடுவே ஒரு புள்ளி. பக்கத்துக்கு ஒரு குத்து, மூன்று யூனிட். நரம்பு தசைக்குக் கொடுக்கும் கட்டளையை மருந்து வழியில் மறித்துவிடுகிறது. மூன்று முதல் ஆறு மாதத்தில் நரம்பு புது முனை விட்டு மறுபடி பேச ஆரம்பிக்கிறது, சிரிப்பு பழையபடி மேலே போகிறது. மருந்து கூடினாலோ இடம் பிசகினாலோ சிரிப்பு ஒரு பக்கம் கோணும், மேலுதடு நீண்டு தொங்கும், சிலருக்குப் 'ப'வும் 'ம'வும் சரியாக வராது. கர்ப்பிணிகளுக்கும் சில தசைநரம்பு நோய் உள்ளவர்களுக்கும் போடக்கூடாது. இன்றுவரை ஈறு தெரியும் சிரிப்புக்கென்று அமெரிக்க மருந்து ஆணையம் இதற்குத் தனி அனுமதி தந்ததில்லை. டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் போடுகிறார்கள். திருவனந்தபுரத்திலும் அப்படித்தான். வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வந்து கல்யாணம் முடித்துப் போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான வைத்தியம் கிடையாது. போட்டோ ஆல்பம் வந்து சேர்வதற்கும் மருந்து இறங்குவதற்கும் சரியாக இருக்கும்.

கம்பி போட்டுப் பல்லை மேலே ஏற்றப் பிடிமானமாகும் திருகாணியின் கதை சுருக்கம். மேல் முன்பற்கள் கீழே இறங்கிக் கீழ்ப்பற்களை மூடிக்கொண்ட ஒரு நோயாளிக்கு, 1983இல் அமெரிக்காவில் க்ரீக்மோர், எக்லண்ட் இருவரும் மூக்கின் அடியில் எலும்பில் ஒரு சிறு திருகாணியை இறக்கி, அதிலிருந்து பற்களை மேலே இழுத்தார்கள். ஆறு மி.மீ. ஏறியது. பல்லை நகர்த்தப் பக்கத்துப் பல்லைத்தான் பிடிமானமாக வைக்க வேண்டும் என்றிருந்த பழைய சிக்கல் அன்று தீர்ந்தது. கம்பி போடப் போகிறவர்கள் இப்போது ஒன்றரை மி.மீ. தடிமன்கூட இல்லாத திருகாணியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். மரத்துப்போகும் ஊசியில் ஐந்து நிமிட வேலை.

கடைசியில், சிரிப்புக்கென்றே பிறந்தது. 1973இல் அர்ஜென்டினாவின் ரூபின்ஸ்டைன், கோஸ்தியானோவ்ஸ்கி என்ற அழகு அறுவை மருத்துவர்கள், மேலுதட்டின் உள்பக்கத்துச் சவ்வில் ஒரு பட்டையை உரித்தெடுத்து, உதட்டை ஈறின் பக்கம் கொஞ்சம் இறக்கித் தைத்தார்கள். உதடு மேலே போக நினைத்தாலும் தையல் போகவிடாது. கட்டுரைத் தலைப்பிலேயே இந்தச் சிரிப்பை உறுப்புக் குறைபாடாக எழுதிவிட்டார்கள். அந்தப் பார்வை எனக்கு உவப்பில்லை. 1979இல் சிலர் தசையையே எலும்பிலிருந்து பிரித்தார்கள், 1983இல் தசையை வெட்டினார்கள். 2006இல் ரோஸன்ப்ளாட், சைமன் இருவரும் தசையைத் தொடாமல் பழைய எளிய முறையைப் பல் ஆஸ்பத்திரி நாற்காலிக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டுப் பத்திரிகைகளிலும் இந்த முறையில் செய்த நோயாளிகளின் விவரங்கள் வந்திருக்கின்றன. ஐந்தில் சிரிப்புக்கென்றே வந்த இதுவும் நின்று நிலைக்கத் தடுமாறுகிறது என்பது வேடிக்கை. மாதங்கள் போகப் போகத் தையல் இளகிப் பலருக்கு உதடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கு ஏறுகிறது.

என் அக்கா மகளோடு திருவனந்தபுரத்தில் ஒரு பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். தை மாதம் கல்யாணம். ஊசி போடுவது என்று அவளே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். டாக்டர் வயதான மலையாளி அம்மா. நாகர்கோவில் ஆட்களைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் பழகியிருந்தார்.

"மோளே, அம்மான்னு சொல்லி வாயை அப்படியே விடு."

அவள் சொன்னாள். உதடு தளர்ந்து நின்ற இடத்தில் முன்பல் எவ்வளவு தெரிகிறது என்று அளந்தார். மூன்று மி.மீ. பிறகு மூக்கின் அடியிலிருந்து உதட்டின் ஓரம் வரை. அது சரியான நீளம். பிறகு சிரிக்கச் சொல்லி உதடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார். ஆறு முதல் எட்டு மி.மீ. ஏறுவது இயல்பாம், அவளுக்கு ஏழு. கடைசியாக வில்லியம்ஸ் ப்ரோப் என்கிற மெல்லிய உலோகக் குச்சியை எடுத்தார். அதில் 1, 2, 3, 5, 7, 8, 9, 10 என்று கோடுகள். நாலும் ஆறும் கிடையாது, வாசிக்கக் கண் தடுமாறக்கூடாது என்பதற்காக. பொதுமக்கள் முகம் சுளிக்க ஆரம்பிக்கும் அந்த நாலாவது மி.மீ.க்கு இந்தக் குச்சியில் கோடே இல்லை. பல்லை அளந்தார். எட்டு. ஈறை மரக்க வைத்துக் குச்சியை உள்ளே விட்டு எலும்பு தட்டும் இடத்தையும் பார்த்தார்.

"உனக்குச் சுண்டு (உதடு) நல்ல சுண்டுதான், தாடையும் சரி. பல்லு ஈறுக்குள்ளே ஒளிஞ்சு கிடக்கு. ஊசி போட்டா ஆறு மாசம் கழிஞ்சு பழையபடி ஆகும், அப்பறம் பின்னேயும் வருவே. ஈறை ஒதுக்கினா ஒரு தடவையோட தீரும்."

"அப்ப ஊசி வேண்டாமா டாக்டர்? எல்லாரும் அதுதான் போடுறாங்க" என்றாள்.

"எல்லாருக்கும் ஒரே வாயா மோளே?"

வெளியே வந்ததும் "மாமா, அந்தக் குச்சி வெச்சு அளந்ததுக்கு அப்புறந்தான் எனக்கே புரிஞ்சுது" என்றாள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே செய்துகொண்டாள்; ஈறு ஆறிப் புது இடத்தில் நிலைக்க அவ்வளவு நாள் வேண்டும்.

நான் சொல்ல வருவது அந்த வரிசைதான். காரணம் ஈறா, பல்லா, உதடா, தசையா, எலும்பா என்று பார்த்த பிறகு வைத்தியம். வேறு நோய்க்குப் பிறந்த கருவிகள் என்பதால் ஒவ்வொன்றும் தான் பிறந்த இடத்தின் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்யும். தசைக்குப் பிறந்த ஊசி நீண்ட எலும்பைக் குறைக்காது. ஈறுக்குப் பிறந்த கத்தி துள்ளும் உதட்டைப் பிடித்து நிறுத்தாது. இரண்டு காரணம் சேர்ந்திருக்கிற வாயும் உண்டு. அதற்கு இரண்டு வைத்தியம். ஆனால் பலகை போட்டிருக்கும் இடங்களில் பெரும்பாலும் விலைப்பட்டியல் முன்னால் வருகிறது, குச்சி பின்னால் வருகிறது. சில இடங்களில் குச்சி வருவதே இல்லை. 2024 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் திருமணம் நிச்சயமான ஒரு இளைஞர் சிரிப்பைச் சரிசெய்யப் போய் நாற்காலியில் மயங்கி, உயிரோடு திரும்பவில்லை. மயக்க மருந்து அதிகமாகிவிட்டது என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். அழகுக்காகச் செய்வதும் ஆபரேஷன்தான். செய்கிறவர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிந்தவரா, ஈறு வைத்தியத்திலோ தாடை வைத்தியத்திலோ மேற்படிப்பு படித்தவரா, மயக்கம் கொடுக்கத் தனி டாக்டர் இருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தனியார் இடத்தில் பெரிய தொகை சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஓ.பி.யில் ஒருமுறை காட்டுங்கள். ஒரு காலைப்பொழுது போகும், அவ்வளவுதான்.

இன்னொரு தகவலும் இருபது வயதுக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1978இல் விக், ப்ருண்டோ என்ற இருவர், உதடு தளர்ந்திருக்கும்போது மேல் முன்பல் எவ்வளவு தெரிகிறது என்று வயதுவாரியாக அளந்தார்கள். முப்பதுக்குக் கீழே 3.37 மி.மீ., நாற்பதுகளில் 0.95 மி.மீ., அறுபதைத் தாண்டினால் ஒன்றும் தெரிவதில்லை. வயது ஏற ஏற மேலுதடு தானாகவே இறங்குகிறது. இன்று இரண்டு மூன்று மி.மீ. ஈறு தெரிகிறவர் எதுவும் செய்யாமல் இருந்தாலே நாற்பதுகளில் அதில் பெரும்பகுதி மறைந்துவிட வாய்ப்பு உண்டு.